கூட்டலா, கழித்தலா: பெரிய டயர் போட்டபின் மீட்டரோடு நான் பட்ட பாடு

பெரிய டயர் மாட்டிய ஆறு மாதத்தில், வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் மீட்டர் விவகாரத்தில் என் கையைவிட்டுப் போனது 1,530 ரிங்கிட். அதில் உருப்படியான செலவு 570 ரிங்கிட்தான். மீதி 960 ரிங்கிட்டும் என் அவசரத்துக்கும் அரைகுறை அறிவுக்கும் நான் அழுத தண்டம். டயரின் விலையை இதில் சேர்க்கவில்லை. அதை ஆசைப்பட்டு வாங்கினேன், வருத்தமில்லை. ஆனால் நான்கு டயரையும் மாட்டி, காற்றடித்து, தோளில் தட்டி அனுப்பிய கடைக்காரர் "இனி உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இதை எழுதும் வேலையே எனக்கு வந்திருக்காது.

நான் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜமில் குடியிருக்கிறேன். செம்பனைத் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். கூலிம், நிபோங் திபால் பக்கம் வாரத்தில் நான்கு நாள் செம்மண் பாதையில் ஓட்டம். வண்டி 2013இல் வெளிவந்த இரட்டைக் கதவு பிக்கப். தொழிற்சாலையிலிருந்து 265/65 ஆர் 17 அளவு டயரோடு வந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பம்போடும் குழாயோடும் சேற்றில் இறங்கி, டிராக்டர் வைத்து இழுத்து வெளியே வந்தபோது, இனி தடித்த பட்டன் டயர்தான் என்று முடிவு செய்தேன். கடையில் 285/70 ஆர் 17 இருந்தது. பார்க்கக் கம்பீரமாகவும் இருந்தது. அந்தக் கம்பீரத்துக்கும் கொஞ்சம் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று 720 வீதம் நான்குக்கு 2,880 ரிங்கிட். உபரி டயரை மாற்றவில்லை. அந்தக் கஞ்சத்தனம் பின்னால் எனக்குக் கைகொடுத்தது, அது வேறு கதை.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை நான் அதுவரை ஒரு பெயர் போலத்தான் படித்துவந்தேன். அது ஒரு கணக்கு. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் மேலும் கீழும் இரண்டு முறை வரும். ரிம்மை மில்லிமீட்டராக்கினால் 431.8. கூட்டிப் பார்த்தால் பழைய டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர், புதியது 831. அதாவது ஏழு விழுக்காடு பெரியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி முன்பைவிட ஏழு விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. அது எண்ணுவது சுற்றுகளைத்தான். பழைய டயர்தான் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு தூரத்தையும் வேகத்தையும் குறைத்துச் சொல்கிறது. டயர் வாங்கும் முன் இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகாது.

எனக்குச் சந்தேகம் முதலில் பினாங்குப் பாலத்தில் வந்தது. அங்கே வேக வரம்பு 80. முள்ளை 80இல் நிறுத்திக்கொண்டு போவது என் பழக்கம். அப்போதெல்லாம் கைப்பேசியின் வழிகாட்டிச் செயலி 77 என்று காட்டும். டயர் மாற்றிய பிறகு அதே 80க்கு 82 என்று காட்டியது. "செயலி கெட்டுப்போயிருக்கும்" என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி, "செயலி மாறவில்லை, டயர்தானே மாறியிருக்கிறது" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று கேட்டிருந்தால் 480 ரிங்கிட் மிஞ்சியிருக்கும்.

அந்த 480 போன விதம் இது. டீசல் விலை 2024 ஜூன் 10ஆம் தேதி லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்குத் தாவிய நாள் முதல், ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் கிலோமீட்டரைக் குறித்து வைப்பேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, புது டயருக்குப் பிறகு 9.8க்கு இறங்கியது. பயந்துபோய் ஒரு பட்டறைக்கு ஓடினேன். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கும், சுத்தம் செய்யவேண்டும் என்றார்கள். செய்தார்கள். அடுத்த தொட்டி டீசலுக்கும் அதே 9.8. பிறகுதான் உறைத்தது: கிலோமீட்டர் எண்ணும் ஓடோமீட்டரே ஏழு விழுக்காடு குறைத்துச் சொல்லும்போது, அதை வைத்துப் போட்ட கணக்கு எப்படிச் சரியாக வரும்? 9.8ஐ 1.07ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10.5. கனமான டயர் உண்மையிலேயே தின்றது லிட்டருக்கு அரைக் கிலோமீட்டர்தான். மற்றது முழுவதும் மீட்டரின் கணக்குப் பிழை. டயர் மாற்றிய கையோடு "வண்டி எண்ணெய் குடிக்கிறது" என்று யாராவது சொன்னால், இன்ஜினைத் தொடுவதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் எண்ணெய் மாற்றும் கணக்கும் இப்படித்தான்: மீட்டரில் 10,000 என்றால் இன்ஜின் உண்மையில் 10,700 ஓடியிருக்கும்.

சரி, மீட்டர்தான் குற்றவாளி என்று தெரிந்தது. மீட்டர் பழுது பார்க்கும் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அவர் டாஷ்போர்டைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, கொஞ்சம் தூக்கிவைத்து மறுபடி குத்தினார். 250 ரிங்கிட். நெடுஞ்சாலை வேகத்தில் கைப்பேசியோடு ஒத்துப்போனது. மகிழ்ச்சியாக வீடு வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கப்போகும்போது பார்த்தால் முள் 3இல் நிற்கிறது! வண்டி நிற்கிறது, முள் ஓடுகிறது. பள்ளிக்கூடத் தெருவில் 30 காட்டினால் உண்மையில் 28தான். இந்தப் பிழை வேகம் கூடக் கூட வளரும் விகிதப் பிழை. முள்ளை நகர்த்துவதோ எல்லா வேகத்துக்கும் ஒரே அளவைக் கூட்டுவது. ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும்தான் அது பொருந்தும். போதாததற்கு ஓடோமீட்டர் பழையபடியே குறைத்து எண்ணிக்கொண்டிருந்தது. முள்ளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மறுபடி போய், முள்ளைப் பழைய இடத்தில் வைக்க 80 ரிங்கிட் கொடுத்தேன். செய்ததற்கும் காசு, செய்ததை அழித்ததற்கும் காசு. முள்ளைத் தொட்டுச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் மீட்டருக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். பழைய வண்டிகளில் கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே மீட்டர் வரை வரும். அதன் அடிமுனையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். என் வண்டியைப் போன்றவற்றில் கேபிள் கிடையாது. கியர்ப்பெட்டியின் பின்புறத்தில் ஒரு சென்சார், மூன்று கம்பிகளோடு: ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று துடிப்பு. சுற்றுக்கு இத்தனை துடிப்பு என்று அது அனுப்ப, மீட்டர் எண்ணிக்கொள்கிறது. துடிப்புக் கம்பியை இடையில் வெட்டி ஒரு சிறு மின்னணுப் பெட்டியை வைத்தால், வரும் துடிப்பை நாம் சொல்லும் விழுக்காட்டுக்குக் கூட்டியோ குறைத்தோ மீட்டருக்கு அனுப்பும். முள்ளும் சரியாகும், ஓடோமீட்டரும் சரியாகும். புதிய வண்டிகளில் இந்த வழி பெரும்பாலும் செல்லாது. அவற்றில் வேகத் தகவல் நான்கு சக்கரத்தின் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாரிலிருந்து கணினி வழியாக வருகிறது. அங்கே கம்பியை வெட்டினால் பிரேக்கின் பாதுகாப்பிலேயே கைவைத்த கதையாகிவிடும். அப்படிப்பட்ட வண்டிகள் சிலவற்றில், ஸ்கேனர் வைத்து டயரின் சுற்றளவையே கணினியில் மாற்றி எழுத முடியும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள்.

பெட்டியை இணையத்தில் 390 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மாட்டுவதற்கு ஒரு வயரிங் கடை, கூலி 180. மாட்டியவர் அனுபவசாலி, வயதானவர். கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை சுருக்கி, பெட்டியை மீட்டருக்குப் பின்னால் உள்ளேயே வைத்தார். அடியில் சென்சார் பக்கத்தில் வைத்திருந்தால் தோட்டத்துச் சேறு ஒரு மாதத்தில் தின்றிருக்கும். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். "எவ்வளவு வைக்க?" என்று கேட்டார். "ஏழு விழுக்காடு" என்றேன். "டயர் பெரிது, அப்படியானால் குறைக்கவேண்டும்" என்று சொல்லிக் கழித்தலில் ஏழு வைத்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன். ஏனென்றால் அத்தனை கணக்குப் போட்ட நான், அந்த ஒரு குறியைப் பற்றி யோசிக்கவில்லை. இன்னொரு தவறும் செய்தேன்: சரிசெய்தாகிவிட்டதே என்று கைப்பேசியோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். சரிசெய்த அன்றுதான் ஒப்பிட்டிருக்கவேண்டும்.

தை மாதத்தில் ஈப்போவில் மனைவியின் தங்கை மகளுக்குத் திருமணம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் முள்ளை 110இல் ஆணியடித்தது போல வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் எல்லாரையும் முந்திக்கொண்டிருந்தேன். "எல்லாரும் ஏன் இன்று இப்படி ஊர்கிறார்கள்?" என்று நானே சொன்னது நினைவிருக்கிறது. சில வாரம் கழித்துச் சம்மனைப் பார்த்தேன்: 110 வரம்பில் 122. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கேமரா பொய் சொல்கிறது, மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று வீட்டில் கத்தினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் சொன்னதை நினைவுபடுத்தவும் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். பெட்டியே இல்லாமல் இருந்திருந்தால்கூட, முள் 110 காட்டும்போது உண்மை வேகம் 113தான் இருந்திருக்கவேண்டும். சரிசெய்த பிறகு பிழை குறையாமல் 122க்கு எப்படி ஏறியது? 113ஐ 0.93ஆல் வகுத்தேன். 121.5. அவ்வளவுதான், வெளிச்சம் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஏழு விழுக்காடு குறைத்துச் சொன்ன மீட்டரை, காசு கொடுத்து இன்னும் ஏழு விழுக்காடு குறைக்க வைத்திருந்தேன். சம்மனுக்கு 150 ரிங்கிட் கட்டினேன். கேமராமீது எனக்குக் கோபமில்லை. ஆறு மாதத்தில் என் வண்டியின் வேகத்தைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அதுதான்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, வயரிங் கடைக்காரரைக் குறை சொல்லாதே என்றார். "கேபிள் காலத்து ஆள் அவர். கேபிள் முனையில் முப்பது பல் இருக்கும் இடத்தில், பெரிய டயர் போட்டால் இருபத்தெட்டுப் பல் போடுவோம். பல் குறைந்தால் அந்தப் பல்சக்கரம் வேகமாகச் சுற்றும், முள் ஏறும். டயர் பெரிதானால் எண்ணைக் குறை என்று கை பழகிவிட்டது. உன் பெட்டி பல்லையா எண்ணுகிறது? துடிப்பை எண்ணுகிறது. துடிப்பைக் குறைத்தால் முள் இறங்கத்தானே செய்யும், தம்பி?" முப்பதை 1.07ஆல் வகுத்தால் இருபத்தெட்டு. அவர் கை பழக்கத்தில் செய்த கணக்கு அச்சாக அதுவே. பெரிய டயர், குறைந்த சுற்று, குறைந்த துடிப்பு. ஆகவே பெட்டியில் கூட்டவேண்டும். இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுக் குறியை வையுங்கள்.

மாமா அதோடு விடவில்லை. ஏழு என்பது காகிதக் கணக்கு, வண்டியின் பாரத்தில் டயர் அமுங்கும், அளந்து பார் என்றார். என் உபரி டயர் பழைய அளவு அல்லவா? அதை முன்சக்கரத்தில் மாட்டி, டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியை மெல்லத் தள்ளி ஐந்து சுற்று உருட்டினோம். 11.90 மீட்டர். அதே இடத்தில் புது டயரை மாட்டி ஐந்து சுற்று: 12.70 மீட்டர். வகுத்தால் 1.067. ஆக, 6.7 விழுக்காடு. இரண்டு டயரையும் ஒரே வண்டியில், சரியான காற்றோடு அளந்ததுதான் இதில் முக்கியம். புது டயரை மட்டும் உருட்டிவிட்டுப் பழையதற்குப் புத்தக அளவை எடுத்திருந்தால், அமுங்கிய டயரை அமுங்காத டயரோடு ஒப்பிட்டிருப்போம். பெட்டியைக் கூட்டலுக்கு மாற்றி 6.7 வைத்தோம். ஒரு சிறு திருகாணிச் சுழற்றி, அரை மணி நேரம், செலவு இரண்டு தே தாரிக் தேநீர்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, நான் மயிரிழையில் தப்பியது. கைப்பேசியின் ஜிபிஎஸ் 100 காட்டும்போது மீட்டரும் 100 காட்டும்படி வைத்துவிடலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். மாமா வேண்டாம் என்றார். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேகமானி கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி, காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரை கூடலாம். அதனால்தான் ஆரம்பத்தில் 77க்கு 80 காட்டியது. ஓடோமீட்டருக்கு அந்தக் கூட்டல் கிடையாது. ஆகவே முள்ளைக் கைப்பேசிக்குச் சமமாக்கினால், பெட்டியில் மூன்று விழுக்காடு போதும் என்று தோன்றும். ஓடோமீட்டரோ இன்னும் நான்கு விழுக்காடு குறைத்தே எண்ணிக்கொண்டிருக்கும். ஓடோமீட்டரை வைத்துச் சரிபாருங்கள். நெடுஞ்சாலையில் சாலையோரம் கிலோமீட்டர் பலகைகள் இருக்கின்றன. ஒரு பலகையில் பயண மீட்டரைச் சுழியாக்கி, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எனக்கு 20.0 வந்தது. பலகையைப் பார்ப்பதும் எழுதுவதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்.

சில்லறை விஷயங்கள் சில. டயர் மாற்றிய நாள், பெட்டி மாட்டிய நாள், குறி திருத்திய நாள் ஆகிய மூன்றிலும் ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளையும் அதில் ஒட்டி வைத்திருக்கிறேன். தவறான குறியோடு ஓடிய நாட்களில் மீட்டரில் ஏறிய ஒவ்வொரு 1,000க்கும் வண்டி ஏறத்தாழ 1,150 ஓடியிருக்கிறது. நாளை வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்கு இதைச் சொல்லவேண்டும். ஓடோமீட்டரில் கைவைத்த வண்டி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காப்பீட்டு முகவரிடமும் டயர் அளவு மாறியதைச் சொன்னேன். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உரசவில்லை என்பதையும் வாங்கிய பிறகு பார்த்தேன். வாங்கும் முன் பார்க்கவேண்டியது. டயர் தேயத் தேய விட்டமும் குறையும். 12 மில்லிமீட்டர் பட்டன் 2 மில்லிமீட்டர் ஆகும்போது விட்டத்தில் 20 மில்லிமீட்டர் போய்விடும், அதுவே இரண்டு விழுக்காட்டுக்கு மேல். ஆகவே டயர் பாதி தேய்ந்ததும் சுண்ணாம்புக் கட்டியோடு மறுபடி மாமா வீட்டு வாசலுக்குப் போவதாக இருக்கிறேன்.

போன வாரம் பாலத்தில் போனோம். முள் 80இல். மனைவி தன் கைப்பேசியைப் பார்த்து "77" என்றாள். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்திப் போனார்.